அரை அரிவாள்

மராத்தியில் ‘கோய்தா’ என்றால் அரிவாள். மகாராஷ்டிரத்தின் கரும்புக்காட்டில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ஒரு கோய்தா என்றால் ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. இரண்டு பேர் சேர்ந்து ஒரு அரிவாள். தனியாக வேலைக்கு வருகிறவர் ஆணோ பெண்ணோ, அவர் ‘அரைக் கோய்தா’. ஆள் பிடிக்கும் ஒப்பந்தக்காரர் “இத்தனை கோய்தா தர்றேன்” என்றுதான் ஆலையோடு பேசுவார். முன்பணமும் கோய்தாவுக்கு இவ்வளவு என்றுதான் முடிவாகும்.

நம்ம ஊரில் இதற்கு ‘ஜோடி’ என்று பெயர். கரும்பு வெட்டானாலும் செங்கல் சூளையானாலும் “எத்தனை ஜோடி வருது?” என்ற கேள்விதான் முதலில் வரும். கல்யாண வீட்டிலும் சினிமா விமர்சனத்திலும் நாம் பழகிய சொல் இங்கே ஒரு அளவையாக மாறிவிடுகிறது. படி, மரக்கால், டன் மாதிரி.

அறுவடை வேலைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போவது இந்த நிலத்தில் புதிய விஷயம் இல்லை. ஆனால் அவர்களை ஒன்றாக எண்ணுவது என்பது தனி ஏற்பாடு. அதற்கென்று ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைப் பாடாலூரில் நின்றுகொண்டு பார்க்கலாம். அங்கிருந்து பார்த்தால் மூன்று வழிகள் தெரிகின்றன: கொள்ளிடம் தாண்டி நெல் அறுக்கப் போன வழி, கடல் தாண்டி காப்பி பறிக்கப் போன வழி, கடைசியாகக் கரும்பு. மூன்றிலும் திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்க்கலாம். கடன் எழுதும்போது இரண்டு பேரும் முழு ஆட்கள். கூலி எழுதும்போது நிலைமை வேறு.

கரிசல் மண்ணின் காலண்டர்

திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் சமயபுரம், சிறுகனூர் தாண்டினால் பாடாலூர். இன்றைக்குப் பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டம். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமாகும்வரை இதெல்லாம் திருச்சி ஜில்லாதான். அரியலூர் இப்போதைய வடிவில் தனி மாவட்டமானது 2007-ல். பழைய ஆவணங்களில் தேடுகிறவர்கள் இந்த ஊர்களைத் திருச்சினாப்பள்ளி ஜில்லாவுக்குள்தான் தேட வேண்டும்.

சாலையை விட்டு உள்ளே இறங்கினால் கரிசல். பெரும்பாலும் மானாவாரி. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். பக்கத்தில் செட்டிகுளம், சின்ன வெங்காயத்துக்குப் பேர் போன ஊர். வெங்காயத்தைப் பறித்து, காய வைத்து, தாள் கிள்ளி, பட்டறை போட்டு மாதக்கணக்கில் காப்பாற்றுவது இந்தப் பகுதிக்காரர்களுக்குக் கை வந்த கலை. பருத்தி எடுப்பது, வெங்காயம் பறிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கூட்டமாகச் செய்யும் வேலை. அங்கே ஜோடிக் கணக்கு கிடையாது. நாள் கூலி, தலைக்கு இவ்வளவு.

மானாவாரி பூமியின் சிக்கல், வேலை ஒரே சீராக இருக்காது. மழை பெய்தால் ஒரு மாதம் மூச்சு விட நேரமிருக்காது. அடுத்த மூன்று மாதம் ஈ ஓட்ட வேண்டியதுதான். தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்குள்ளேயே நிலைமை தலைகீழ். கொள்ளிடத்தைத் தாண்டினால் காவிரி வாய்க்கால்கள். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு டெல்டாவின் நாள்கள் இன்னும் ஒழுங்காகின. தண்ணீர் ஒரே சமயத்தில் வரும், நடவு ஒரே சமயத்தில் நடக்கும், கதிரும் ஒரே சமயத்தில் முற்றும். முற்றிய கதிர் காத்திருக்காது. ஒரு வாரம் தள்ளினால் மணி உதிரும், மழை வந்தால் சாய்ந்து முளைக்கும். உள்ளூர் ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு வயலையும் அந்தச் சில வாரங்களில் அறுக்க முடியாது. வேலை இல்லாத மேட்டு நிலத்திலிருந்து வேலை குவிந்த பள்ளத்துக்கு ஆட்கள் இறங்குவது இப்படித்தான் நடந்தது. தை, மாசியில் மூட்டையும் அரிவாளும் பிள்ளையுமாகக் குடும்பம் குடும்பமாக.

களத்தில் ஒரே குவியல்

கை அறுவடையின் அமைப்பே இரண்டு பேருக்கானது. பெண்கள் வரிசை பிடித்து அறுத்து அரி அரியாகப் போட்டு வருவார்கள். ஆண்கள் அதைச் சேர்த்துக் கட்டிக் களத்துக்குச் சுமப்பார்கள். களத்தில் ஆண் கதிர் அடிப்பார், பெண் தூற்றுவார். கூலி நெல்லாக வரும். அதுவும் கண்டுமுதலில் ஒரு பங்காக. கலத்துக்கு இத்தனை படி என்று கணக்கு. எவ்வளவு அறுத்தோமோ அவ்வளவு பங்கு. யார் அறுத்தது, யார் அடித்தது என்று அந்த நெல் குவியலைப் பிரித்துப் பார்க்க முடியாது. வீட்டுக்கு ஒரே மூட்டை.

இதை ஒரு சமத்துவம் என்று சொல்லலாம். நாள் கூலியில் பெண்ணுக்கு எப்போதும் குறைவு. அறுவடைப் பங்கில் அந்தப் பேதம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் போவதும் இல்லாமல் போவதும் ஒன்றில்லை.

அறுவடைக்கு வந்து போகிறவர்கள் ஒருபக்கம் என்றால், ஆண்டு முழுக்கப் பண்ணைக்குக் கட்டுப்பட்ட ஜோடிகள் இன்னொரு பக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களை ஆய்வு செய்து 1918-ல் புத்தகமாக வெளியிட்டார். அதில் இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டும் ஒன்று. அங்கே படியாள் என்று அழைக்கப்பட்டவர்கள் எப்படி உருவானார்கள் என்று அந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது. கல்யாணச் செலவுக்கு நிலக்காரரிடம் கடன் வாங்குவார்கள். கடன் தீரும்வரை உழைப்பதாக ஒப்புக்கொள்வார்கள். கடன் தீராது.

தஞ்சையின் பண்ணையாள் கதையும் இதே மாதிரிதான். கொஞ்சம் நிறுத்தி யோசித்தால் இதில் ஒரு கொடூரமான சுழற்சி தெரியும். ஜோடியாவதற்கே கடன் வாங்க வேண்டும். ஜோடியான பிறகு அந்தக் கடனுக்கு இரண்டு பேரும் உழைக்க வேண்டும். புதிதாகக் கட்டிக்கொண்டு வந்த பெண், தான் கைநாட்டு வைக்காத ஒரு கடனுக்கு மறுநாள் காலையில் வயலில் இறங்கியிருப்பார்.

1952-ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபோது விரட்ட முடியாது என்றது, கூலியையும் நிர்ணயித்தது. அதில்தான் ஆணின் நாளுக்கு ஒரு அளவு, பெண்ணின் நாளுக்கு அதைவிடக் குறைந்த அளவு என்று சட்டமே எழுதி வைத்தது. ஒன்றாகக் கொடுத்தால் அவள் பங்கு மறைந்துபோகிறது, பிரித்துக் கொடுத்தால் குறைகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அடுத்து வந்த எல்லாம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அறுவடைக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1960களில் கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்கள் சங்கமாகிக் கூலி உயர்வு கேட்டபோது, நிலவுடைமையாளர்கள் கையில் எடுத்த ஆயுதம் வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுப்பது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னால் இருந்த தகராறில் இதுவும் ஒன்று. அடுத்த ஆண்டு கொண்டுவரப்பட்ட நியாயக் கூலிச் சட்டம் உள்ளூர்க்காரர்களுக்கு வேலையில் முன்னுரிமை பற்றியும் பேசியது அதனால்தான். வறண்ட ஊரிலிருந்து பசியோடு வந்த ஒரு ஜோடிக்கும் வயல் ஓரத்தில் நிற்கும் உள்ளூர் ஜோடிக்கும் நடுவில் இருந்தது ஒரே நெல். யார் பக்கம் நியாயம் என்று சுலபமாகச் சொல்ல முடியாத இடம் அது. இரண்டு பேரும் கூலிக்காரர்கள்.

கண்டிச் சீமை

இரண்டாவது வழி இன்னும் தூரம். 1830களில் இருந்து இலங்கையின் கண்டி மலைகளில் ஆங்கிலேயர்கள் காப்பி போட ஆரம்பித்தார்கள். காப்பிக்கு ஆண்டு முழுக்க அவ்வளவு ஆள் வேண்டாம். பழம் சிவக்கும் ஆகஸ்ட் முதல் நவம்பர், டிசம்பர் வரைதான் கூட்டம் வேண்டும். தமிழ் ஜில்லாக்களில் வேலை குறைந்த மாதங்களோடு அது ஏறக்குறைய பொருந்தியது. போய்ப் பறித்துவிட்டுத் தை அறுவடைக்குத் திரும்பிவிடலாம். திருச்சி, மதுரை, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை என்று பல பக்கத்து ஆட்களும் இப்படிப் போனார்கள். திருச்சி ஜில்லாவின் வறண்ட தாலுகாக்கள் அதில் முக்கியமான பங்கு கொடுத்தன. தொண்டி, அம்மாபட்டினம், பாம்பன் என்று கரைக்கு நடை. அங்கிருந்து படகு. மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைவரை மறுபடி நடை. காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

இந்தக் காப்பிக் காலத்தில் போனவர்களில் பெரும்பான்மை ஆண்கள். முதல் பத்தாண்டுகளில் பெண்கள் மிகக் குறைவு. பருவத்துக்குப் போய்விட்டு வருகிற வேலை, ஆபத்தான வழி. வீட்டையும் மாட்டையும் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தாக வேண்டும். அந்தப் பருவ வேலை வரலாற்றில் பெண்கள் பதிவாகாமல் போனதற்குக் காரணம் அவர்கள் ஊரில் இருந்து இன்னொரு அறுவடையைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான்.

1869-ல் காப்பி இலையில் ஒரு பூஞ்சை நோய் பிடித்தது. அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் இலங்கைக் காப்பி ஏறக்குறைய அழிந்தது. அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. இந்தப் பயிர் மாற்றம் குடும்பங்களின் கதையையே மாற்றிவிட்டது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரத்துக்கு ஒரு முறை கொழுந்து துளிர்க்கும். வாரம் தவறாமல் பறித்தாக வேண்டும். ஆண்டு முழுக்க அறுவடை. கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை என்று தோட்டம் முடிவு செய்தது. கவ்வாத்து, கான் வெட்டு, தொழிற்சாலை வேலை ஆண்களுக்கு. வந்து போகிற ஆண்களின் கூட்டம் வேண்டாம், லயத்தில் தங்கும் குடும்பங்கள்தான் வேண்டும் என்றானது. தோட்டத்துக்கு ஜோடி தேவைப்பட்டது அப்போதுதான்.

ஆளை அழைத்துப் போனவர் கங்காணி. வழிச்செலவு, அரிசி, துணி எல்லாம் அவர் கொடுத்த முன்பணம். தோட்டம் போய்ச் சேரும்போதே குடும்பத்தின் பெயரில் கடன். அந்தக் கடனை ஒரு துரை இன்னொரு துரைக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பேர். இந்தக் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று அதில் இருக்கும். ஆள் மாறுவதற்கான விலைச்சீட்டு என்றே சொல்லலாம். 1904-ல் இலங்கைத் தோட்டக்காரர்கள் திருச்சியிலேயே ஆள் திரட்டும் அலுவலகம் திறந்தார்கள். துண்டு முறை ஒழிந்தது 1921-ல்.

1927-ல் இலங்கையில் இந்தியத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1929 முதல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். மலை இறங்க இறங்கக் கொஞ்சம் குறையும்: நடுநாட்டில் 52, 41, 31, தாழ்நாட்டில் 50, 40, 30. இந்த மூன்று எண்களையும் ஒரு குடும்பமாகக் கூட்டிப் படித்தால்தான் அவை எப்படி யோசிக்கப்பட்டன என்று விளங்கும். அப்பா, அம்மா, பிள்ளை. மூவரும் உழைத்தால்தான் சாப்பாடு.

இருந்தாலும் இதில் ஒரு புதுமை உண்டு. செக்ரோல் என்ற பேரேட்டில் பெண்ணின் பெயர் தனி வரியில் வந்தது. அவள் நாள், அவள் கூலி, அவள் பிடித்தம். ஆணைவிட 11 சதம் குறைவுதான், ஆனால் எவ்வளவு குறைவு என்பது எழுத்தில் இருந்தது. எழுத்தில் இருப்பதை எதிர்த்துப் பேச முடியும். அதற்கும் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது. இலங்கைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாள் கூலி என்றானது 1984-ல், வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. கூலி சமமான பிறகும் சம்பள நாளில் வரிசையில் நின்று மனைவியின் பணத்தையும் சேர்த்து வாங்கியவர் பல இடங்களில் புருஷன்தான். தோட்டப் பெண்கள் பற்றி 1980களில் எழுதிய ரேச்சல் குரியன் போன்றவர்கள் இந்த வழக்கத்தை விரிவாகவே பதிவு செய்திருக்கிறார்கள்.

கரும்பு வந்த பிறகு

மூன்றாவது வழி ஊருக்கே வந்தது. 1970களில் பெரம்பலூர் மாவட்டத்தின் வடக்கே எறையூரில் பொதுத்துறைச் சர்க்கரை ஆலை அமைந்தது. பிறகு உடும்பியத்திலும் அரியலூர் பக்கம் சாத்தமங்கலத்திலும் தனியார் ஆலைகள். கிணறும் போர்வெல்லும் இருந்த இடங்களில் கரும்பு ஏறியது. பருத்தியும் வெங்காயமும் உள்ளூர்ப் பெண்களின் கையால் வீடு சேரும். கரும்பை அப்படிச் செய்ய முடியாது.

காரணம் கரும்பின் உடம்பிலேயே இருக்கிறது. வெட்டிய நிமிடத்திலிருந்து அதன் சர்க்கரைச் சத்து குறைய ஆரம்பிக்கும். ஒரு நாளைக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும். ஆலையும் கொதிகலனை ஏற்றிவிட்டால் இரவு பகலாக ஓடும், நிறுத்தினால் நஷ்டம். அதனால் ஆலை, யார் தோட்டத்தை எந்த நாள் வெட்ட வேண்டும் என்று வெட்டு உத்தரவு போடும். உத்தரவு வந்த அன்று ஆள் வயலில் இருக்க வேண்டும். அங்கேயே குடிசை போட்டுக் கிடக்கிற ஆட்களால்தான் அது முடியும். மேஸ்திரி பருவம் தொடங்கும் முன்பே முன்பணம் கொடுத்து ஜோடிகளைக் கட்டி வைப்பது இதற்காகத்தான்.

வேலையும் இரண்டு பேருக்கானது. சர்க்கரை அதிகம் இருப்பது அடிப்பக்கம் என்பதால் தரையோடு தரையாகக் குனிந்து வெட்ட வேண்டும். சோகை உரிக்க வேண்டும். நுனிக் கொழுந்தாடையைத் தனியாக வெட்டி எடுக்க வேண்டும், அது மாட்டுக்கு. பிறகு கட்டுக் கட்ட வேண்டும். கட்டைத் தலையில் ஏற்றிச் சாய்த்து வைத்த பலகைமேல் நடந்து லாரிக்குள் அடுக்க வேண்டும். ஒருவர் வெட்ட ஒருவர் உரித்துக் கட்டினால்தான் கை ஓடும். கைமாறினால் தாளம் தப்பும். பல வருஷம் சேர்ந்து வெட்டிய ஒரு ஜோடிக்குப் பேச்சே தேவைப்படாது. அவர் எப்போது நிமிர்வார், அவள் எப்போது குனிவாள் என்று இருவருக்கும் தெரியும். இந்த வேலையில் இருக்கும் நெருக்கத்தையும் திறமையையும் சொல்லாமல் சுரண்டலை மட்டும் சொன்னால் அது அவர்களைப் பற்றிய பாதி உண்மைதான்.

மீதிப் பாதி எடை மேடையில் இருக்கிறது. கூலி டன்னுக்கு இவ்வளவு. டன் எவ்வளவு என்பது ஆலையில் தெரியும், வெட்டியவர்கள் இருப்பது வயலில். எடைச் சீட்டு விவசாயி பெயரில் வரும். தமிழ்நாட்டில் வெட்டுக்கூலி விவசாயியின் தலையில் விழுகிறது. கரும்பு விலையில் பெரிய துண்டு அதற்கே போய்விடுகிறது என்பது அவர்களின் நெடுநாள் புகார், அதில் நியாயமும் உண்டு. விவசாயியிடமிருந்து மேஸ்திரிக்கு, மேஸ்திரி நோட்டிலிருந்து ஜோடிக்கு. ஜோடி என்றால் நோட்டில் புருஷனின் பெயர். முன்பணம், அரிசி, ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் கழிந்து மிச்சம் அவர் கைக்கு. அவளுக்கு வந்து சேர்வதற்குள் அந்தப் பணம் எத்தனை கைகள் மாறியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எந்த நோட்டிலும் ஏறாத வேலைகளும் உண்டு. விடிவதற்கு முன் எழுந்து சோறு பொங்குவது, குடத்துக்குத் தண்ணீர் தேடிப் போவது, வரப்போரத் தூளியில் கிடக்கும் பிள்ளைக்குப் பால் கொடுப்பது. டன் கணக்கில் இவை வருவதில்லை. ஆனால் இவை இல்லாவிட்டால் டன் இல்லை. ஆலை ஒரு ஜோடியைக் கூப்பிடும்போது இரண்டு வெட்டாட்களோடு ஒரு சமையல்காரியையும் சேர்த்தே வாங்குகிறது.

எண்ணிக்கை குடும்பத்தை மாற்றும்போது

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தைப் பார்க்க வேண்டும். 1972 வறட்சிக்குப் பிறகு மராத்வாடாவிலிருந்து மேற்கு மகாராஷ்டிரத்தின் கூட்டுறவு ஆலைகளுக்குக் கரும்பு வெட்டப் போகிறவர்கள் பெருகினார்கள். இன்றைக்கும் பீட் மாவட்டத்திலிருந்து ஐந்தாறு மாதத்துக்குக் கிளம்புகிறார்கள். ஒரு கோய்தாவில் ஒருவர் ஒரு நாள் படுத்துவிட்டால் அபராதம். மாதவிடாய், கர்ப்பம், காய்ச்சல் எதுவும் காரணமாகாது.

2019-ல் பீட் மாவட்டப் பெண்களிடையே கர்ப்பப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சைகள் அசாதாரணமாக அதிகம் என்று செய்திகள் வந்தன. நீலம் கோர்ஹே தலைமையில் மாநில அரசு ஒரு குழு அமைத்தது. கரும்பு வெட்டும் பெண்கள் 82,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கணக்கெடுத்ததில் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். இதில் மருத்துவர்களின் பேராசை, பெண்களுக்கு முறையான சிகிச்சை கிடைக்காதது எல்லாம் கலந்திருக்கிறது. ஆனாலும் அடியில் இருப்பது அந்த எண்ணிக்கைதான். அவள் நின்றால் அரிவாள் பாதியாகிவிடும்.

அதே பீட் மாவட்டத்தில் குழந்தைத் திருமணங்களும் அதிகம். ஊரில் பெண்ணைத் தனியாக விட்டுப் போகப் பயம் ஒரு காரணம். ஜோடியானால்தான் முழு முன்பணம் கிடைக்கும் என்பது இன்னொன்று. இருவேல்பட்டில் கல்யாணத்துக்காகக் கடன் வாங்கினார்கள். இங்கே கடன் வாங்குவதற்காகக் கல்யாணம் நடக்கிறது. நூறு வருஷத்தில் சுழற்சி ஒரு சுற்று சுற்றியிருக்கிறது.

சட்டத்தில் அவள் எங்கே இருக்கிறாள்

1976 பிப்ரவரியில் இந்தியாவில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று சம ஊதியச் சட்டம். ஒரே மாதிரியான வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் ஜோடிக் கணக்கில் அதற்குப் பிடி கிடைத்ததில்லை. அவளுக்கென்று தனிக் கூலி எழுதப்பட்டால்தானே அது குறைவு என்று காட்ட முடியும்? எழுதப்படாத கூலியில் பாகுபாட்டை நிரூபிக்க வழியில்லை.

இன்னொன்று கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். முன்பணத்துக்கு ஈடாக உழைக்கும் கட்டாயத்தை அது கொத்தடிமை என்று வரையறுத்தது. அந்த வரையறையைக் கவனித்துப் படிக்க வேண்டும். கடன் வாங்கியவர் தானே உழைப்பது மட்டும் அதில் இல்லை. அவர் குடும்பத்தார் மூலமாகவோ அவரைச் சார்ந்தவர் மூலமாகவோ உழைப்பைக் கொடுப்பதும் அதில் அடங்கும். சட்டம் எழுதியவர்களுக்கு ஊர் நடப்பு தெரிந்திருக்கிறது. ஒருவர் கைநாட்டு வைத்தால் குடும்பமே வயலில் இறங்கும் என்று தெரிந்திருக்கிறது. ஒரே மாதத்தில் வந்த இரண்டு சட்டங்களில், அவளுடைய கூலியைப் பற்றிய சட்டம் அவளைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றது. கடனைப் பற்றிய சட்டத்துக்கு அவள் எங்கே இருக்கிறாள் என்று நன்றாகவே தெரியும்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இந்தக் கணக்கை லேசாக அசைத்தது நூறு நாள் வேலை. 2005-ல் சட்டமாகி 2008-ல் இந்த மாவட்டங்களுக்கும் வந்தது. அதிலும் நூறு நாள் என்பது குடும்பத்துக்குத்தான் இருந்தது, அட்டையும் குடும்பத்துக்கு ஒன்றுதான் இருந்தது. ஆனால் வருகைப் பதிவேட்டில் பெயர் தனித்தனி, கூலி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று, நாளடைவில் பணம் அவரவர் வங்கிக் கணக்குக்குப் போனது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் எண்பது சதவீதத்துக்கு மேல் பெண்கள். “வேலையே செய்யாம காசு வாங்குறாங்க” என்று டீக்கடையில் சலித்துக்கொண்டவர்கள் அனேகம். வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் பெயருக்கு எதிரே தன் கூலியைப் பார்த்த ஒரு பெண்ணுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று அந்தச் சலிப்பில் யாரும் யோசிக்கவில்லை.

இதற்கிடையே டெல்டாவில் நெல் அறுக்க இயந்திரம் வந்துவிட்டது. மூட்டை கட்டிக்கொண்டு கொள்ளிடம் தாண்டிய குடும்பங்களின் வழி அடைபட்டது. கரும்புக்கும் இயந்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை, ஓட்டுநர் ஒருவர். ஜோடி என்ற அளவை இப்படியே காலப்போக்கில் மறைந்துவிடலாம். அது ஒழிக்கப்பட்டதாக ஆகாது. தேவையில்லாமல் போனதாகத்தான் ஆகும்.

ஜோடியாக வேலைக்குப் போவதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. கரும்பு வெட்டும் பெண்களில் பலர் அதையே விரும்புவார்கள். தெரியாத ஊரில் துணை, பிள்ளை கூடவே இருக்கும், சம்பாதிப்பது இரண்டு பேருக்கும் தெரியும். சேர்ந்து உழைப்பது வேறு, சேர்த்து எண்ணுவது வேறு. செய்ய வேண்டியது அவ்வளவு பெரிய காரியமும் இல்லை. 1929-ல் கண்டி மலையில் ஒரு தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, அதுவும் பாகுபாட்டோடு, அவள் பெயரைத் தனி வரியில் எழுதினார். நாள் கூலிக்கு முடிந்த காரியம் டன் கூலிக்கும் முடியும்: ஜோடி வெட்டிய டன்னை இரண்டாகப் பிரித்து, இரண்டு பெயருக்கு எதிரே சரிபாதி எழுதினால் போதும். முன்பணம் வாங்கும்போது அவளும் கையெழுத்துப் போடட்டும். இல்லையென்றால் அந்தக் கடன் அவளைச் சேராது என்று இருக்கட்டும். அடுத்த பருவத்துக்கு மேஸ்திரிகள் நோட்டு வாங்கும்போது, அதில் ஒரு ஜோடிக்கு இரண்டு வரி விட்டால் தாள் ஒன்றும் தீர்ந்துவிடாது.